பட்டாம்பூச்சிகள் வந்து தங்கும் பூச்செடித் தோட்டம்: ஒரு முழுமையான வழிகாட்டி

பட்டாம்பூச்சிக்காகச் செடி வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் பூவிலிருந்துதான் தொடங்குகிறார்கள். கண்ணைப் பறிக்கும் நிறம், கொத்துக் கொத்தாகப் பூ, ஆண்டு முழுக்கப் பூ என்று தேடித் தேடி நடுகிறார்கள். செடிகள் நன்றாகவே பூக்கும், பட்டாம்பூச்சிகளும் வரும். ஆனால் தேனைக் குடித்துவிட்டு மதிலைத் தாண்டிப் போய்விடும். அவை உங்கள் தோட்டத்தையே சுற்றிச் சுற்றி வர வேண்டுமானால் முட்டையிட ஏற்ற இலை அங்கே இருக்க வேண்டும். வளர்ந்த பூச்சிக்குப் பூ, புழுவுக்கு இலை. இரண்டையும் சேர்த்து நட்டால் தோட்டமே அவற்றின் வீடாகிவிடும்.

இதற்கு ஒரு சம்மதம் வேண்டும். உங்கள் செடியின் இலைகளைப் புழு தின்னும். சில நேரம் ஒரு கிளையையே மொட்டையாக்கிவிடும். அது தோட்டம் கெட்டுப்போவதன் அடையாளம் இல்லை, நீங்கள் செய்த வேலை பலித்துவிட்டது என்பதன் அடையாளம். இதை மனதார ஏற்றுக்கொண்டால் உரம், கவாத்து (கிளைகளை வெட்டிவிடுவது), பூச்சி மேலாண்மை என எல்லாவற்றையும் நீங்கள் பார்க்கும் விதமே மாறிவிடும்.

இங்கே சொல்லியிருக்கும் செடிகள் உறைபனி விழாத, வெயில் நிறைந்த பகுதிகளுக்கானவை.

இடம்: முதலில் வெயில், அடுத்து காற்று

பட்டாம்பூச்சி வெயிலை நம்பி வாழும் உயிர். அதன் பறக்கும் தசைகள் ஏறக்குறைய 30 டிகிரி செல்சியஸ் சூட்டை எட்டினால்தான் நன்றாக இயங்கும். காலையில் இறக்கையை விரித்துக்கொண்டு அது அசையாமல் உட்கார்ந்திருப்பது உடம்பைச் சூடேற்றத்தான். ஆகவே நிழலில் பூத்துக் கிடக்கும் செடியைப் பெரும்பாலான வகைகள் சீண்டுவதில்லை. நாளுக்கு 5 முதல் 6 மணி நேரம் நேரடி வெயில் விழும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். காலை வெயில் விழும் இடமாக இருந்தால் இன்னும் நல்லது. பூச்சிகளின் நடமாட்டமும் முற்பகலில்தான் அதிகம்.

கன்று வாங்குவதற்கு முன் சில நாட்கள் காலை, நண்பகல், மாலை என்று வெயில் எங்கே விழுகிறது, கட்டடத்தின் நிழல் எதுவரை நீள்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பருவம் மாறும்போது நிழலும் நகரும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது காற்று. திறந்த வெளியில் பலமான காற்று வீசிக்கொண்டே இருந்தால் பட்டாம்பூச்சியால் பூவில் நிலைத்து உட்கார முடியாது. காற்று வரும் பக்கத்தில் மதிலோ உயரமான புதர் வரிசையோ இருக்கட்டும். மதில் இல்லாதவர்கள் நொச்சியை நெருக்கமாக நட்டால் இரண்டு மூன்று ஆண்டுகளில் அடர்ந்த மறைப்பாகிவிடும். நொச்சிப் பூவுக்கும் பட்டாம்பூச்சிகள் வரும்.

நடுவதற்கு முன் அக்கம்பக்கம் பாருங்கள்

உங்கள் பகுதியில் இல்லாத பட்டாம்பூச்சியைச் செடி நட்டு வரவழைக்க முடியாது. மழைக்குப் பிறகு வெயில் அடிக்கும் ஒரு நாளில் பக்கத்துப் பூங்கா, புதர்க்காடு, வேலியோரம் என்று நடந்து பாருங்கள். எந்த வகை அதிகம் பறக்கிறது, எந்தப் பூவில் உட்காருகிறது, எந்தச் செடியின் இலையைத் தொட்டுத் தொட்டுப் பறக்கிறது என்று கவனியுங்கள். பூவே இல்லாத செடியைச் சுற்றி ஒரு பட்டாம்பூச்சி தாழ்வாகப் பறந்து, ஒவ்வோர் இலையிலும் நொடிப்பொழுது காலை வைத்து எடுத்தால், அது முட்டையிட இடம் தேடும் பெண் பூச்சி. பட்டாம்பூச்சிக்குச் சுவை உணரும் உறுப்புகள் காலிலும் இருக்கின்றன. இது தன் பிள்ளைகள் தின்னக்கூடிய இலைதானா என்று அது காலால்தான் சோதிக்கிறது. எந்தச் செடியில் இப்படி நடக்கிறதோ அதையே உங்கள் பட்டியலின் முதல் வரியில் எழுதிக்கொள்ளுங்கள்.

இலைக்காக நட வேண்டிய செடிகள்

பட்டாம்பூச்சிப் புழுக்கள் பெரும்பாலும் கண்ட இலையையும் தின்னாது. ஒவ்வோர் இனத்துக்கும் குறிப்பிட்ட சில செடிகள்தான். செடிகள் தங்களைக் காத்துக்கொள்ள இலையில் கசப்பும் நஞ்சும் சேர்த்து வைத்திருக்கின்றன. அந்தந்த நஞ்சைச் சமாளிக்கப் பழகிய இனம்தான் அந்தச் செடியைத் தின்ன முடியும். எனவே எந்தப் பட்டாம்பூச்சி வேண்டும் என்று முடிவு செய்து, அதற்கேற்ற செடியை நடுங்கள்.

தொடங்குகிறவர்களுக்கு என் முதல் பரிந்துரை எலுமிச்சையும் கறிவேப்பிலையும். இரண்டும் ஒரே குடும்பம். எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி என்ற பட்டாம்பூச்சிகள் இவற்றைத் தேடி வந்து இளங்கொழுந்தில் ஒவ்வொன்றாக முட்டை வைக்கும். வெளிர் மஞ்சள் நிறத்தில், கடுகைவிடச் சிறிய உருண்டையாக இருக்கும். பொரிந்து வரும் புழு முதலில் பறவை எச்சம் போலவே தெரியும். கருப்பும் வெள்ளையுமாகப் பளபளவென்று இருப்பதால் பறவைகள் தொடுவதில்லை. கடைசித் தோலுரிப்புக்குப் பிறகுதான் பச்சையாக மாறும். அப்போது லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவை போன்ற ஓர் உறுப்பை வெளியே நீட்டும். மூக்கைத் துளைக்கும் வாடை அடிக்கும். கடிக்காது, கொட்டாது. வீட்டுக் குழந்தைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல செடி கிடையாது.

இதற்கு அடுத்தபடியாக ஆடுதின்னாப்பாளை, ஈஸ்வரமூலி. இவை புதர்ச்செடிகள் அல்ல. முன்னது தரையில் படரும், பின்னது கொடி. ஆனாலும் புதர்களுக்கு நடுவே இவற்றுக்கு இடம் ஒதுக்கியே ஆக வேண்டும் என்பேன். சிவப்புடல் அழகியும் ரோஜா அழகியும் முட்டையிடுவது இந்தக் குடும்பத்தில் மட்டும்தான். இதில் இன்னொரு சுவையான விஷயம் இருக்கிறது. இந்தச் செடியின் நஞ்சைப் புழு உடம்பில் சேர்த்து வைப்பதால் இவ்விரண்டு பட்டாம்பூச்சிகளையும் பறவைகள் தவிர்க்கின்றன. நஞ்சே இல்லாத கறிவேப்பிலை அழகியின் பெண் பூச்சிகள் சில, இவற்றைப் போலவே வேடம் பூண்டு தப்பிக்கின்றன. கறிவேப்பிலையையும் ஈஸ்வரமூலியையும் அருகருகே நட்டால் அசலையும் நகலையும் ஒரே தோட்டத்தில் பார்க்கலாம். அசலின் உடல் சிவப்பு, நகலின் உடல் கருப்பு. இதை வைத்துப் பிரித்துவிடலாம்.

ஓர் எச்சரிக்கை. இந்தக் குடும்பச் செடிகளில் உள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் மனிதர்களின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும். மருந்து என்று யார் சொன்னாலும் வாயில் வைக்காதீர்கள். இன்னொன்று: பெரிய பெரிய புள்ளிப் பூக்களோடு அலங்காரத்துக்காக விற்கப்படும், இதே குடும்பத்து அயல் அரிஸ்டோலோகியா கொடிகளை வாங்க வேண்டாம். ஆஸ்திரேலியாவில் ரிச்மண்ட் பேர்ட்விங் என்ற பட்டாம்பூச்சி அப்படிப்பட்ட ஒரு கொடியில் ஏமாந்து முட்டையிட, பொரிந்த புழுக்கள் அந்த இலையைத் தின்று மடிகின்றன. உங்கள் பகுதியில் இயல்பாக வளரும் இனம்தான் பாதுகாப்பானது.

எருக்கு வளர இடம் இருந்தால் ஓரமாக ஒன்று விடுங்கள். வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சி கண்டிப்பாக வரும். கருப்பு, வெள்ளை, மஞ்சள் வளையங்களோடு அதன் புழு பட்டாம்பூச்சிக்குச் சமமான அழகு. எருக்கம்பால் கண்ணில் பட்டால் கடுமையாகப் பாதிக்கும் என்பதால் கையுறை போட்டு வெட்டுங்கள். எருக்கு பெரிதாகிவிடும் என்று நினைப்பவர்கள் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் ஆஸ்கிளேப்பியாஸை வைக்கலாம். இது தேன்செடியாகவும் இலைச்செடியாகவும் ஒருசேரப் பயன்படும். இதற்கும் பால் உண்டு, எச்சரிக்கை ஒன்றுதான். அரளியில் வெண்புள்ளிக் கருப்பன் முட்டையிடும். அதன் கூடு வெள்ளி முலாம் பூசியது போல மின்னும். அரளி முழுக்க நஞ்சு என்பதால் கைக்குழந்தையோ மாடு ஆடோ இருக்கும் வீட்டில் நட வேண்டாம்.

ஆவாரையும் சீமையகத்தியும் கொன்னை வெள்ளையன் போன்ற வெள்ளை, மஞ்சள் பட்டாம்பூச்சிகளுக்கு. தங்க நிறத்தில் இவ்வளவு பூக்கிறதே, தேனுக்கும் ஆகுமே என்று தோன்றும். ஆனால் இந்த இனத்தின் பூக்களில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். இலைக்காகவே நடுங்கள், பூ நமக்கு.

சிறிய நீலப் பட்டாம்பூச்சிகளுக்குக் கொடிவேலி. வெள்ளைப் பூப் பூப்பதும் ஆகும், வெளிர்நீலப் பூப் பூப்பதும் ஆகும். வரிக்குதிரை போல் கோடுள்ள ஒரு சிறிய நீலன் அதன் மொட்டில் முட்டை வைக்கும், புழு பூவையே தின்று வளரும். அந்தக் கிளைகளில் எறும்பு ஊர்ந்தால் விரட்டாதீர்கள். இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பல புழுக்கள் இனிப்பான நீரைச் சுரந்து எறும்புக்குக் கொடுக்கும். எறும்பு பதிலுக்குக் காவல் காக்கும்.

இவை தவிர வெள்ளிலை, ஆமணக்கு, டிசம்பர் பூ, பேஷன் பழக்கொடி ஆகிய நான்கும் இலைச்செடிகளாக நல்ல பலன் தரும். ஆமணக்கு விதை கொடிய நஞ்சு என்பதால் காய் பிடித்ததும் கிள்ளி எறிந்துவிடுங்கள். எல்லாவற்றையும் வைக்க வேண்டும் என்பதில்லை. சிறிய தோட்டத்துக்கு மூன்று இலைச்செடிகள் போதும்.

தேனுக்கு நட வேண்டியவை

பட்டாம்பூச்சி உறிஞ்சுகுழலால் குடிப்பது. மிகக் கெட்டியான தேனை அவ்வளவு நீளக் குழல் வழியாக இழுப்பது கடினம் என்பதால் சற்று நீர்த்த தேனுள்ள, ஒடுங்கிய குழல் வடிவப் பூக்களை விரும்பும். சின்னச் சின்னப் பூக்கள் கொத்தாக இருந்தால் ஓரிடத்தில் உட்கார்ந்தபடியே வரிசையாகக் குடிக்கலாம். தேனீக்கள் சிவப்பைச் சரியாகப் பார்ப்பதில்லை. பல பட்டாம்பூச்சிகளுக்கோ, குறிப்பாக அழகிகளுக்கு, சிவப்பு நன்றாகவே தெரியும்.

இந்தத் தகுதிகள் எல்லாம் ஒரே செடியில் சேர்ந்திருப்பது வெட்சியில்தான். இட்லிப்பூ என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். நான் ஒரே ஒரு தேன்செடி நட வேண்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் நடுவேன். பெரிய அழகிகளின் நீண்ட குழலுக்கு ஏற்ற நீளமான பூக்குழாய், ஏறக்குறைய ஆண்டு முழுக்கப் பூப்பு, தாங்குதிறன். குட்டை ரகத்தைவிட, ஆள் உயரத்துக்கு வளரும் பழைய சிவப்பு ரகத்தை நடுங்கள். ஒரே ஒரு குறை, இதற்குச் சற்றே அமிலத்தன்மையுள்ள மண் வேண்டும். சிமெண்ட் சுவரை ஒட்டி நட்டால் சுண்ணாம்பு கசிந்து, இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். சுவரிலிருந்து ஓரடியாவது தள்ளி நடுங்கள்.

சீமை நாயுருவி இன்னொரு அருமையான செடி. நீண்ட கதிரில் தினமும் சில ஊதாப் பூக்கள் மட்டும் மலரும். பார்வைக்குப் பெரிதாக ஒன்றும் இருக்காது, ஆனால் சின்னது பெரியது என்று எல்லா வகையும் மொய்க்கும். விதை விழுந்து பரவும் குணம் உண்டு என்பதால் காய்ந்த கதிர்களை வெட்டிவிட வேண்டும்.

பெண்டாஸ் முன்வரிசைக்கு ஏற்றது. அரையடி முதல் இரண்டடி வரை வளரும், தொட்டியிலும் நன்றாக வரும். சிவப்பும் அடர் இளஞ்சிவப்பும் வைத்தால் வரவு அதிகம். பின்வரிசைக்கு ஹமீலியாவும் சிவப்பு நட்சத்திரப் பூப் பூக்கும் ஜட்ரோபாவும் சரியாக இருக்கும். கோபுரம் போல் அடுக்கடுக்காகச் செம்மஞ்சள் பூப் பூக்கும் பகோடா செடிக்குப் பெரிய அழகிகள் போட்டி போட்டுக்கொண்டு வரும். ஆனால் அது வேரிலிருந்து கன்று விட்டுப் பரவும் என்பதால் இடம் உள்ளவர்களுக்கு மட்டும். ஊதா நிற துரந்தாவும் நல்லதுதான். அதன் மஞ்சள் காய்கள் நஞ்சு என்பதைக் குழந்தைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

தேள்கொடுக்கையும் கிலுகிலுப்பையையும் தனியாகச் சொல்ல வேண்டும். வரியன்களும் கருப்பன்களும் இவற்றைத் தேடி வருவது தேனுக்காக மட்டும் இல்லை. வாடிய தண்டையும் காய்ந்த இலையையும் சுரண்டி அதில் ஊறும் ஆல்கலாய்டு சாற்றை உறிஞ்சும். அதிலிருந்துதான் ஆண் பூச்சிகள் பெண்ணைக் கவரும் வாசனையைத் தயாரிக்கின்றன. ஆகவே தேள்கொடுக்கு காய்ந்துவிட்டது என்று பிடுங்கி எறியாமல், ஒரு கொத்தைக் கட்டிக் கிளையில் தொங்க விடுங்கள். மறுநாளே வித்தியாசம் தெரியும்.

நடக் கூடாதவை

பட்டாம்பூச்சித் தோட்டம் என்றதும் பலரும் சொல்வது உண்ணிச்செடி, அதாவது லாண்டானா. பட்டாம்பூச்சிகளுக்குப் பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் பறவைகள் பழத்தைத் தின்று விதையைக் காடுகளில் போட, உலகின் மிக மோசமான ஆக்கிரமிப்புச் செடிகளில் ஒன்றாக அது ஆகிவிட்டது. அது மூடிய இடத்தில் இயல்பான செடிகள் முளைக்காது. அப்படி அழியும் செடிகளில் எத்தனையோ பட்டாம்பூச்சிகளின் இலைச்செடிகளும் அடக்கம். ஒரு வீட்டுத் தோட்டத்தின் அழகுக்காக அந்தத் தீங்கில் பங்கெடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வெட்சியும் பெண்டாஸும் அதே வேலையைச் செய்யும்.

அடுக்குப்பூக்களையும் தவிருங்கள். அடுக்குச் செம்பருத்தி, அடுக்கு இட்லிப்பூ போன்றவற்றில் மகரந்தத் தாள்கள் இதழ்களாக மாறியிருக்கும். தேன் குறைவு, இருக்கிற தேனையும் அத்தனை இதழ்களைத் தாண்டிப் பூச்சியால் எட்ட முடியாது. எப்போதும் ஒற்றை அடுக்கு ரகம்தான்.

கன்று வாங்கும்போது

பலருக்கும் தெரியாமல் போகும் விஷயம் இது. நாற்றங்கால்களில் இமிடாகுளோபிரிட் போன்ற ஊடுருவும் பூச்சிக்கொல்லிகளைப் பயன்படுத்துவது உண்டு. இவை செடியின் சாற்றில் கலந்து இலை, மகரந்தம், தேன் என எல்லா இடத்துக்கும் போகும், பல வாரங்கள், சில நேரம் மாதக்கணக்கில் உள்ளேயே இருக்கும். தண்ணீரில் கழுவினால் போகாது. பளபளவென்று ஒரு ஓட்டை கூட இல்லாத எலுமிச்சைக் கன்றை வாங்கி வந்து நட்ட பிறகு, அதில் பொரியும் புழுக்கள் ஒவ்வொன்றாகக் கருத்துச் செத்து விழுகிறதென்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

மருந்து அடித்ததா என்று கேட்டு வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் இலைச்செடிகளை விதையிலிருந்தோ தெரிந்தவர் வீட்டுக் குச்சியிலிருந்தோ நீங்களே வளர்த்துக்கொள்ளுங்கள். கறிவேப்பிலை, ஆமணக்கு, ஆவாரை, எருக்கு எல்லாம் விதையில் எளிதாக வரும். வெட்சி, பெண்டாஸ், கொடிவேலி, சீமை நாயுருவி குச்சியில் வரும். பென்சில் அளவு தடிமனில், மூன்று நான்கு கணுக்கள் உள்ள குச்சியைக் கணுவுக்குக் கீழே வெட்டி, அடி இலைகளை நீக்கி, மணலும் மக்கிய உரமும் சம அளவு கலந்த கலவையில் நட்டு நிழலில் வையுங்கள். கலவை ஈரமாக இருக்க வேண்டும், சொதசொதவென்று இருக்கக் கூடாது. பெண்டாஸ் இரண்டு மூன்று வாரத்தில் வேர் பிடிக்கும். வெட்சிக்கு ஒன்றரை இரண்டு மாதம் பொறுமை வேண்டும்.

நடவு

புதர்ச்செடிக்கு 45 சென்டிமீட்டர் நீளம், அகலம், ஆழத்தில் குழி போதும். தோண்டிய மண்ணில் மூன்றில் ஒரு பங்கு நன்கு மக்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ கலந்து நிரப்புங்கள். களிமண்ணாக இருந்தால் மணலும் சேர்த்து, நடும் இடத்தைச் சற்று மேடாக்குங்கள். தண்ணீர் தேங்கினால் வெட்சியும் ஆவாரையும் பிழைக்காது. கன்று பையில் எந்த ஆழத்தில் இருந்ததோ அதே ஆழத்தில் நட்டு, மண்ணை மிதமாக அழுத்தி, தாராளமாகத் தண்ணீர் விடுங்கள். மாலையில் நடுவது நல்லது. மழைக்காலத் தொடக்கம் மிகச் சரியான நேரம்.

இடைவெளி மூன்று முதல் நான்கு அடி. ஒவ்வொரு வகையிலும் ஒன்று என்று பரப்பி நடாமல், ஒரே வகையில் மூன்று நான்கைச் சேர்த்து நடுங்கள். தூரத்திலிருந்து பறந்து வரும் பூச்சிக்கு நிறம் திரளாகத் தெரிய வேண்டும். உயரமானவை பின்னால், நடுத்தரம் நடுவில், பெண்டாஸும் தேள்கொடுக்கும் முன்னால். இலைச்செடிகளை நடுவில் காட்சிக்கு வைக்காமல் தேன்செடிகளுக்குப் பின்னாலோ இடையிலோ நட்டால், புழு தின்று மொட்டையாகும் காலத்திலும் தோட்டம் வெறிச்சோடித் தெரியாது.

தண்ணீரும் உரமும்

முதல் இரண்டு மாதம் மண் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு வாரம் இரண்டு முறை ஆழமாக விடுவது, தினமும் மேலாகத் தெளிப்பதைவிட நல்லது. ஈரம் போதாத செடி பூத்தாலும் தேன் குறைவாகவே சுரக்கும். குழாயை மேலே பிடித்து இலைகள் மீது பீய்ச்சாதீர்கள். சிறு புழுக்கள் அடித்துக்கொண்டு போய்விடும். வேரடியில் காய்ந்த இலைகளால் மூடாக்குப் போடுங்கள்.

உரத்தில் தேன்செடியையும் இலைச்செடியையும் ஒரே மாதிரி நடத்தக் கூடாது. தேன்செடிக்குத் தழைச்சத்து அதிகமானால் இலையாகத் தழைத்துப் பூ குறைந்துவிடும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மக்கிய உரம் இரண்டு கை, அதோடு கொஞ்சம் எலும்புத்தூள், போதும். வெட்சிக்கு எலும்புத்தூளைக் குறைத்துக்கொள்ளுங்கள். இலைச்செடிக்கு இளந்தளிர் வந்துகொண்டே இருக்க வேண்டும் என்பதால் மாதம் ஒருமுறை மண்புழு உரமோ நீர்த்த மாட்டுச்சாணக் கரைசலோ கொடுக்கலாம்.

கவாத்து

எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் பெண் பூச்சி தேடுவது இளங்கொழுந்தை. முற்றிய இலையை இளம் புழுவால் கடிக்க முடியாது. கவாத்து செய்த இரண்டு மூன்று வாரத்தில் புதுத் தளிர் வரும், கூடவே பட்டாம்பூச்சியும் வரும். இதை உங்களுக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம். ஒரே வகையில் இரண்டு மூன்று செடிகள் வைத்திருந்தால் ஒன்றை இந்த மாதம், மற்றொன்றை அடுத்த மாதம் என்று மாற்றி மாற்றி நுனி கிள்ளுங்கள். எப்போதும் ஏதோ ஒரு செடியில் தளிர் இருக்கும்.

தேன்செடிகளில் ஒரு பூப்பு முடிந்ததும் காய்ந்த கொத்துகளை, அவற்றுக்குக் கீழே இரண்டு கணு சேர்த்து வெட்டுங்கள். பெரிய கவாத்து ஆண்டுக்கு ஒருமுறை போதும். அப்போதும் எல்லாச் செடிகளையும் ஒரே நாளில் வெட்டித் தள்ளாமல் மூன்றில் ஒரு பங்காகப் பிரித்துச் செய்தால் தேன் தடைபடாது.

கத்தரியை எடுப்பதற்கு முன் கிளையின் அடிப்பக்கம், இலையின் பின்புறம், சுற்றியுள்ள சுவர் எல்லாவற்றையும் பாருங்கள். அழகிகளின் கூட்டுப்புழு தலையை மேலே வைத்து, இடுப்பில் ஒரு பட்டு நூல் கட்டி, பச்சையாகவோ காய்ந்த குச்சி நிறத்திலோ ஒட்டிக்கொண்டிருக்கும். வரியன்களுடையது தலைகீழாகத் தொங்கும். வெட்டிய கிளைகளை உடனே எரிக்கவோ அப்புறப்படுத்தவோ செய்யாமல், சில நாட்கள் செடியருகிலேயே குவித்து வையுங்கள். கண்ணுக்குத் தப்பிய புழு ஊர்ந்து திரும்பிவிடும்.

மருந்து அடிக்காமல் சமாளிப்பது

இயற்கை மருந்து என்றால் பட்டாம்பூச்சிக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்துவிடக் கூடாது. வேப்பெண்ணெய் புழுவின் வளர்ச்சியைத் தடுக்கும். பி.டி. (Bt) என்று அழைக்கப்படும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியாவின் குர்ஸ்டாகி வகை, குறிப்பாக அந்துப்பூச்சி, பட்டாம்பூச்சிப் புழுக்களைக் கொல்லவே பயன்படுவது. இரண்டையும் இந்தத் தோட்டத்துக்குள் கொண்டுவர வேண்டாம்.

எருக்கு, ஆஸ்கிளேப்பியாஸ், அரளிக் கொழுந்துகளில் சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான மஞ்சள் அசுவினி அப்பிக்கொள்வது சகஜம். முட்டையோ புழுவோ இல்லாத கொழுந்தாகப் பார்த்து விரலால் நசுக்கித் துடைத்துவிடுங்கள், அல்லது அந்த நுனியை மட்டும் கிள்ளிவிடுங்கள். பொறி வண்டுகள் வந்துவிட்டால் மீதியை அவை பார்த்துக்கொள்ளும். மாவுப்பூச்சியைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுக்கலாம். இரண்டுமே செடியைக் கொல்லும் அளவுக்குப் போவது அரிது.

குளவி, சிலந்தி, பல்லி, குருவி எல்லாம் புழுக்களைப் பிடிக்கும். நுண்ணிய குளவிகள் முட்டைக்குள்ளேயே தங்கள் முட்டையை வைத்துவிடும். பெரும்பாலான புழுக்கள் பட்டாம்பூச்சியாகாமலே போகும். பார்க்கக் கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனால் அதையும் கணக்கில் கொண்டுதான் ஒரு பெண் பூச்சி அத்தனை முட்டை இடுகிறது. குளவிக் கூட்டைக் கலைக்கப் போனால் நாளைக்கு அசுவினியும் மற்றப் புழுக்களும் பெருகும். மனம் கேட்காவிட்டால், புழு இருக்கும் ஒரு கிளையை மட்டும் மெல்லிய வலைப்பையால் மூடிக் கட்டுங்கள். உள்ளே போதுமான இலை இருக்க வேண்டும், ஒரு பைக்கு இரண்டு புழுக்களுக்கு மேல் வேண்டாம்.

சேற்றுத் தட்டு

ஆண் பட்டாம்பூச்சிகள் ஈர மண்ணில் கூட்டமாக உட்கார்ந்து உறிஞ்சுவதைப் பார்த்திருப்பீர்கள். அவை தேடுவது உப்பை, முக்கியமாகச் சோடியத்தை. இலையிலும் தேனிலும் அது மிகக் குறைவு. உறிஞ்சிய உப்பில் ஒரு பகுதியைச் சேர்க்கையின்போது பெண்ணுக்குக் கொடுக்க, அது முட்டைகளுக்குப் போகிறது. ஆழமில்லாத மண் தட்டில் மணலும் தோட்ட மண்ணும் நிரப்பி, ஒரு சிட்டிகை உப்பும் கொஞ்சம் மக்கிய உரமும் கலந்து, எப்போதும் ஈரமாக வைத்திருங்கள். தண்ணீர் மேலே நிற்கக் கூடாது, கொசு வந்துவிடும். வெயில் காய இரண்டு தட்டைக் கற்களும் பக்கத்தில் இருக்கட்டும். அழுகத் தொடங்கிய பழத்தை நிழலான மூலையில் வைத்தால், பூவையே நாடாத சில வகைகளும் வரும்.

முட்டை வைத்த பிறகு

வெப்பமான காலத்தில் எலுமிச்சை அழகியின் முட்டை 3, 4 நாளில் பொரியும். புழுப் பருவம் ஏறக்குறைய இரண்டு வாரம், கூட்டுப்புழுப் பருவம் இன்னொரு 8 முதல் 12 நாள். குளிர்ந்த காலத்தில் எல்லாமே நீளும். கடைசிப் பருவத்துப் புழு திடீரென்று செடியைவிட்டுக் காணாமல் போனால் பயப்பட வேண்டாம். கூடு கட்ட இடம் தேடிச் சில அடி தூரம் நடந்துபோவது அதன் வழக்கம். சின்ன எலுமிச்சைக் கன்றில் பத்துப் பதினைந்து புழுக்கள் ஒரே நேரத்தில் இருந்தால் இலை தீர்ந்துவிடும். தின்றுகொண்டிருக்கும் இலையோடு சேர்த்துக் கிள்ளி, வேறொரு எலுமிச்சைச் செடியில் அந்த இலையைச் செருகிவையுங்கள். புழு தானாக மாறிக்கொள்ளும்.

கீழே விழுந்துகிடக்கும் கூட்டுப்புழுவைக் கண்டால் எறிந்துவிடாதீர்கள். வெளியே வரும் பட்டாம்பூச்சிக்கு இறக்கையைத் தொங்கவிட்டு விரிக்க இடம் வேண்டும். சமதளத்தில் கிடந்தால் இறக்கை சுருங்கியே காய்ந்துவிடும். சொரசொரப்பான குச்சிகளைச் சாய்த்து வைத்த ஒரு திறந்த பெட்டியில், எறும்பு ஏறாத இடத்தில், குச்சியின் அடியில் அதைக் கிடத்துங்கள். வெளிவந்ததும் தானே ஏறிக்கொள்ளும். இறக்கை காய ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும், அதுவரை தொடாதீர்கள்.

இடமே இல்லாதவர்களுக்கு

வெயில் விழும் பால்கனியோ மொட்டைமாடியோ போதும். 12 அங்குலத் தொட்டியில் ஒரு கறிவேப்பிலை, இன்னொன்றில் எலுமிச்சை, இரண்டு பெண்டாஸ், ஒரு வெட்சி, ஒரு நீலக் கொடிவேலி. தொட்டிக் கலவைக்குச் செம்மண், மணல், மக்கிய உரம் மூன்றும் சம பங்கு, அடியில் வடிகால் துளை. மாடியில் காற்று பலமாக இருக்கும் என்பதால் தொட்டிகளைச் சுவரோரம் ஒன்றோடொன்று ஒட்டி வையுங்கள். கோடையில் காலையிலும் மாலையிலும் தண்ணீர் தேவைப்படும். ஆண்டுக்கு ஒருமுறை மேல்மண்ணை மூன்று அங்குலம் சுரண்டி எடுத்துப் புது உரம் போடுங்கள். உயரமான மாடிகளுக்குப் பட்டாம்பூச்சி வந்து சேரத் தரையைவிடக் கூடுதல் நாள் பிடிக்கும். அதுவரை பூ இல்லாமல் போகவிடாதீர்கள், முதலில் கண்ணில் பட வேண்டியது பெண்டாஸின் சிவப்புதான்.